இதைவிடக் குறைவு

லியோபோல்ட்ஸ்ஹாஃபன் தெருவில்
பதினொரு விளக்குக் கம்பங்களைக் கழற்றியவன் நான்.
ஓர்ட்வின் ஹௌக், நகராட்சி மின்பிரிவு.
இரண்டு சிக்னல்களையும் கழற்றினேன்,
ரொட்டிக்கடையின் தொங்குபலகையையும்.
பலகைக்கு மட்டும் ரசீது கேட்டாள் கடைக்காரி.

நவம்பர், சனிக்கிழமை.
ரைன் நதியிலிருந்து கரையேறி வந்தது எஃகுத் தொட்டி.
இருநூறு டன். உள்ளே ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததைச் சிந்தாமல் வைத்திருக்கத்தான்
அவ்வளவு எஃகாம்.

செய்த பட்டறை நானூறு கிலோமீட்டர்கூட இல்லை.
பாலங்கள் குட்டை, மதகுகள் ஒடுக்கம்.
ஆகவே டான்யூபில் இறங்கி, கருங்கடல் கண்டு,
ஜிப்ரால்டரில் திரும்பி, ராட்டர்டாமில் நுழைந்து,
நதியை எதிர்த்து ஏறி
ஒன்பதாயிரம் கிலோமீட்டர்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவார்கள், தெரியும்.
கண்டத்தைச் சுற்றித் தொட்டதை
அன்றுதான் பார்த்தேன்.

ஹில்டெகுண்ட் வீட்டு ஓட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே
என் உள்ளங்கை போகும், முழங்கை போகாது.
மாடி ஜன்னலிலிருந்து கை நீட்டி
அதைத் தடவிக்கொடுத்தாள்
சினைமாட்டைத் தடவுவதுபோல.
எதை எடைபோடவாம் இது, என்று கீழே கேட்டாள்.
உங்கள் நகக்கண்ணை நொடிக்கு ஆறாயிரம் கோடி கடக்கிறதே, அதை,
என்றது கூட்டத்தில் ஒரு குரல்.
அவள் நகத்தைப் பார்த்தாள்.
பிறகு ஜன்னலைச் சாத்தினாள், குளிர்.

திறந்த நாள் வரும்போதெல்லாம் போவேன்.
இலவசக் காபி, கொஞ்சம் உரிமை.
எடை தெரிந்ததா?
பல வருஷம் பம்ப் சத்தம்தான் பதில்.
பிறகு ஒரு வருஷம்:
ஒன்று புள்ளி ஒன்றைவிடக் குறைவு.
அப்புறம்: புள்ளி எட்டைவிடக் குறைவு.
அப்புறம்: புள்ளி நாலைந்தைவிடக் குறைவு.
எலக்ட்ரானைப் பத்து லட்சமாக அரிந்தாலும்
ஒரு துண்டுக்குக் கீழே.
இது எடையா, என்றேன். எடைக்கு வேலிதானே இது.
வேலியை நெருக்கிக்கொண்டே போகிறோம், என்றாள் மிரேய்,
உள்ளே ஆடு நிற்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

மிரேய் ட்ரிட்டியம் கூடத்தில் வேலை பார்ப்பவள்.
தினமும் எல்லை தாண்டி ரயிலில் வருவாள், லோட்டர்பூரிலிருந்து.
ஓர் அணு உடைந்து எலக்ட்ரான் கிளம்பும்;
கையில் இருக்கவேண்டிய காசு
கடைசிச் சில்லறையில் குறையும்.
அந்தத் துண்டுதான் கணக்கு, என்பாள்.

ஆனால் ஒன்றில்லை, மூன்று எடைகள்.
எது கனம், எது லேசு, வரிசையே தெரியாது.
இடைவெளி தெரியும், தரை தெரியாது.
படிக்கட்டு அந்தரத்தில் நிற்பதுபோல.
பிறக்கையில் ஒரு பெயர், வழியில் மூன்றின் கலவை,
போய்ச் சேர்கையில் வேறு பெயரும் இருக்கலாம்.
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
அம்மாவோடு அல்சேஸ் பேச்சு, பள்ளியில் பிரெஞ்சு,
இங்கே உன்னோடு ஜெர்மன்.
எந்த மொழியில் கனவு காண்கிறேன் என்று கேள்,
எந்த ராத்திரி என்று நான் கேட்பேன்.

பதினொன்றில் பத்துக் கம்பங்களை நேராக நட்டேன்.
ரொட்டிக்கடை முன்னால் இருப்பது மட்டும் சாய்ந்துவிட்டது,
இருட்டிவிட்டது, கான்கிரீட் இறுகிவிட்டது.
புகார் மூன்று வந்தது, மூன்றும் கடைக்காரியுடையது.
ஒருமுறை மிரேய் அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தாள்.
பெயர்களின் சட்டமும் எடைகளின் சட்டமும்
ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தியிருந்தால்
எதுவும் எதுவாகவும் மாறாது, என்றாள்.
சாய்ந்திருக்கிறது.
எவ்வளவு என்று அளந்துவிட்டோம்.
ஏன் அவ்வளவு என்று யாரைக் கேட்பது?

என்னைக் கேட்காதே, என்றேன்.
இருட்டிவிட்டது என்றுதான்
என் அறிக்கையில் எழுதினேன்.

ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம்.
ஏணி வண்டியில் இருக்கிறது, மட்டப்பலகையும்.
அந்தத் தெருவழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன்.